பதில் எந்த வழியில் திரும்புகிறது?

(ஓசூரில் அமெச்சூர் வானொலி நண்பர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஓசூரில் நிலையம் வைத்திருக்கும் ஹாம் ஒருவருக்கு மூன்று திசைகள் உண்டு. மாவட்டம் என்று பார்த்தால் அவர் கிருஷ்ணகிரிக்காரர். வானொலி அலை என்று பார்த்தால் பெங்களூருக்காரர். இணையம் என்று பார்த்தால் பெரும்பாலும் சென்னைக்காரர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மைசூர் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறோம். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு வரைக்கும் அலையை மறிக்கும்படியான மலை எதுவும் இல்லை. மொட்டை மாடியில் சுமாரான ஆன்டெனா ஒன்றை நட்டு 144 மெகாஹெர்ட்ஸில் கேட்டால் கர்நாடக நிலையங்கள் பக்கத்துத் தெருவில் பேசுவதுபோல விழும். ஆனால் சூளகிரி தாண்டி நெடுஞ்சாலை இறங்கத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. கிருஷ்ணகிரி சில நூறு மீட்டர் கீழே, மலைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சொந்த மாவட்டத் தலைநகரோடு நேரடியாக அலையில் பேசுவது நமக்குப் பெரும்பாடு.

இணையத்துக்கு வேறொரு வரைபடம். நாம் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தில் இருக்கிறோம். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூருவில் இருக்கும் ஒரு சர்வருக்கு டிரேஸ்ரூட் போட்டுப் பாருங்கள். பல இணைப்புகளில் பாக்கெட் முதலில் கிழக்கே சென்னைக்குப் போய், அங்கிருந்து மேற்கே திரும்பி பெங்களூரு வந்து சேரும். ஆக, பக்கத்தில் இருப்பது எது, தொலைவில் இருப்பது எது என்பதை நம் கண்ணை நம்பிச் சொல்ல முடியாத ஊர் இது. அதனால்தான் இந்தப் பேச்சை ஓசூரில் வைத்துப் பேசுவது பொருத்தம் என்று நினைத்தேன்.

வானொலியால் எட்டாத இடத்தை இணையத்தின் வழியே எட்டுவதற்காக ஹாம்கள் கட்டிக்கொண்ட ஒரு வலையமைப்பு இருக்கிறது. 44 என்ற எண்ணில் தொடங்கும் முகவரிகளைக் கொண்டது. நம் ஊர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலைக்கும் அதே எண் வாய்த்திருப்பது தற்செயல்தான். அந்த வலையமைப்பில் டனல் அறுந்தால், வழி தவறினால், எங்கே போய்த் தேடுவது என்பதுதான் இன்றைய பொருள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘லிங்க் போச்சு’ என்று யாராவது சொன்னால், போன வழியைப் பற்றி எல்லோரும் யோசிப்போம். கோளாறு பெரும்பாலும் திரும்பி வரும் வழியில் இருக்கும்.

கொஞ்சம் வரலாறு. 1978இல் கனடாவின் மான்ட்ரியலில் ஹாம்கள் முதன்முதலாக அலைமீது பாக்கெட் அனுப்பிப் பார்த்தார்கள். 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஹாங்க் மக்னுஸ்கி தன்னுடைய கேஏ6எம் அழைப்புக் குறியில் ஒரு பாக்கெட் ரிப்பீட்டரை இயக்கினார். இணையம் இன்னும் ஆராய்ச்சிக்கூடங்களுக்குள் அடங்கிக் கிடந்த காலம் அது. முகவரிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த ஜான் போஸ்டலிடம் 1981 வாக்கில் மக்னுஸ்கி கேட்டார்; 44 என்று தொடங்கும் முழுத் தொகுதியும் ஹாம்களுக்குக் கிடைத்தது. 1,67,77,216 முகவரிகள். இன்று ஒரு பெரிய நிறுவனம் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கும் சொத்து, அன்று ஒரு கோரிக்கையில் கிடைத்தது. கேட்கத் தோன்றியதே, அந்த முன்யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதன் பிறகு ஊர் ஊராகச் சிறு வானொலித் தீவுகள் முளைத்தன. ஒரு நகரத்தில் பத்துப் பேர், இன்னொரு நகரத்தில் இருபது பேர். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு அலை எட்டாது. இடையில் இணையம் இருந்தது. ஆனால் இடையில் இருக்கும் கம்பெனிகளின் ரூட்டர்களுக்கு 44 முகவரிகள் தனித்தனியாக எங்கே இருக்கின்றன என்பது தெரியாது. எனவே உறைக்குள் உறை வைத்தார்கள். உள் உறையில் ஹாம் முகவரி. வெளி உறையில் அந்த ஊர் கேட்வேயின் சாதாரண இணைய முகவரி. நடுவில் இருக்கிற எல்லோரும் வெளி உறையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். ஐபிஐபி டனல் என்று சொல்கிறோமே, அது இவ்வளவுதான். 1996இல் ஆர்எஃப்சி 2003 என்ற எண்ணில் முறையாக எழுதி வைக்கப்பட்டது. வெளி உறையின் தலைப்பு 20 பைட். அந்த 20-ஐ நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கேட்வேகள் ஒன்றையொன்று எப்படித் தெரிந்துகொள்கின்றன? சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு மையக் கேட்வே வைத்தார்கள். பதிவு செய்த ஒவ்வொரு கேட்வேக்கும் அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ‘இந்த இந்த 44 முகவரிகள் இந்த இந்த இணைய முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன’ என்ற பட்டியலை டனலுக்குள்ளேயே ரிப் அறிவிப்பாக அனுப்பும். நம் பக்கம் ஒரு சின்ன நிரல் அதைக் கேட்டு வழிப்பட்டியலை எழுதிக்கொள்ளும். பட்டியல் கிடைத்த பிறகு ஓசூரும் கிருஷ்ணகிரியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். கலிபோர்னியாவைச் சுற்ற வேண்டியதில்லை. இந்த முகவரித் தொகுதியைப் பல ஆண்டுகள் கட்டிக்காத்தவர் பிரையன் கேன்டர், டபிள்யூபி6சிஒய்டி. 2019 நவம்பரில் காலமானார். அவர் பெயரை இந்த மேடையில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

சரி, கோளாறுகளுக்கு வருவோம்.

நம் வீட்டு இணைப்பில் டனல் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64-இல் இருந்து 100.127-க்குள் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம். அது இணையத்தில் உங்களுக்கென்று உள்ள முகவரி இல்லை. இணையக் கம்பெனி நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறது. 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய எண்வரிசை அது. இன்று மொபைல் இணைப்பிலும், வீட்டுக்கு வரும் பல ஃபைபர் இணைப்புகளிலும் நிலைமை இதுதான். இப்படி அடுக்குவதற்கு அந்தக் கருவி போர்ட் எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். ஐபிஐபிக்குப் போர்ட்டே கிடையாது. வெளியிலிருந்து உங்களைத் தேடி வரும் உறையை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, கீழே போட்டுவிடும். எத்தனை இரவு விழித்து அமைப்புகளை மாற்றினாலும் இந்தச் சுவர் அசையாது.

வழி இரண்டு. கம்பெனியிடம் நிலையான பொது முகவரி கேட்டு வாங்கலாம். மாதக் கட்டணம் கூடும். அல்லது பெங்களூருவிலோ மும்பையிலோ ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, கேட்வேயை அங்கே வைத்து, வீட்டிலிருந்து அதுவரைக்கும் வயர்கார்டு டனல் போடலாம். வயர்கார்டு யுடிபியில் போகிறது, போர்ட் உண்டு, உள்ளேயிருந்து தொடங்குகிறது. அடுக்குக்குப் பின்னாலும் வேலை செய்யும். 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும்படி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்ததும் கம்பெனியின் கருவி உங்களை மறந்துவிடும். ‘நான் கூப்பிட்டால் போகிறது, அவர் கூப்பிட்டால் வருவதில்லை’ என்ற புகார்களில் பல இதனால் வருபவை.

பொது முகவரி இருப்பவர்களுக்கு அடுத்த கண்ணி. ஐபிஐபியின் நெறிமுறை எண் 4. போர்ட் 4 அல்ல. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு பக்கத்தில் 4 என்று போட்டால் எதுவும் நடக்காது, ஏனென்றால் அந்தப் பக்கம் டிசிபிக்கும் யுடிபிக்கும் மட்டும் உரியது. டிஎம்இசட் என்ற வசதியில் உங்கள் லினக்ஸ் கணினியைக் காட்டினால் பல ரூட்டர்கள் நெறிமுறை 4-ஐயும் அனுப்பிவிடும், சில அனுப்பாது. லினக்ஸின் ஃபயர்வாலில் ‘ஐபிஐபி’ என்று பெயர் எழுதுவதிலும் ஒரு பொறி. பல லினக்ஸ் கணினிகளின் பெயர்ப் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே 94 என்ற வேறொரு பழைய நெறிமுறையின் எண் இருக்கும். நமக்கு வேண்டிய 4-க்கு அங்கே ‘ஐபிஎன்கேப்’ என்று பெயர். பெயர் எழுதாதீர்கள், 4 என்று எண்ணைப் போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரே சோதனையில் பார்க்கலாம். டிசிபிடம்ப்பை எடுத்து டனல் இடைமுகத்தில் யுடிபி 520-ஐக் கவனிக்கச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கை வைக்காமல் காத்திருங்கள். 44.0.0.1-இலிருந்து ரிப் அறிவிப்பு வந்து விழுந்தால் ஒரே வீச்சில் மூன்று விஷயம் தெரிந்துவிட்டது: உங்கள் பதிவு சரி, வெளி முகவரி சரி, நெறிமுறை 4 உள்ளே வருகிறது. விழவில்லை என்றால் மேலே போக வேண்டாம், இங்கேயே தேடுங்கள். வானொலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலில் கேள், பிறகு பேசு என்பது நமக்கு முதல் நாளே சொல்லித்தரப்பட்ட ஒழுக்கம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஏனோ அதை மறந்து, கேட்காமலேயே கட்டளைகளைத் தட்ட ஆரம்பித்துவிடுகிறோம்.

இப்போது ஒரு கோளாறைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஓசூரில் ஒரு கேட்வே, கிருஷ்ணகிரியில் ஒரு கேட்வே. இரண்டுக்கும் பொது முகவரி உண்டு. நேற்று வரை வேலை செய்தது. இன்று கிருஷ்ணகிரிப் பக்கம் கரண்ட் போய் வந்தது. ஓசூரிலிருந்து பிங் போட்டால் பதில் இல்லை.

ஓசூர்த் தம்பி கிருஷ்ணகிரிக்குப் போன் போடுகிறார். “அண்ணா, டனல்ல டம்ப் ஓட்டுங்க. என் பிங் வருதா?”

“வருது தம்பி. ஒவ்வொண்ணா வந்துக்கிட்டே இருக்கு.”

“பதில் அதே டனல்ல திரும்புதா?”

“இல்ல. உள்ள வர்றது மட்டும்தான் தெரியுது.”

“வீட்டு லைன் பக்கம் ஒரு டம்ப் ஓட்டுங்கண்ணா. சோர்ஸ் 44 மட்டும் பாருங்க.”

“அட, பதில் எல்லாம் இந்தப் பக்கம் போகுது தம்பி.”

நோய் பிடிபட்டது. கிருஷ்ணகிரிக் கணினி பதிலைத் தயாரித்திருக்கிறது. ஆனால் ஓசூரின் 44 முகவரிக்கு எந்த வழி என்று அதன் பட்டியலில் இல்லை. ரிப் கேட்கும் நிரல் கரண்ட் வந்த பிறகு தானாகத் தொடங்கவில்லை. வழி தெரியாத பாக்கெட் எல்லாம் எங்கே போகுமோ அங்கே, வீட்டு இணையத்தின் பொது வழியில் அந்தப் பதில் போய்விட்டது. இணையக் கம்பெனி பார்க்கிறது: நம் வாடிக்கையாளர் வீட்டிலிருந்து நாம் கொடுக்காத 44 முகவரி சோர்ஸாக வருகிறது. கீழே போட்டுவிடுகிறது. இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பொய் முகவரியில் தாக்குதல் நடத்துவதைத் தடுக்க, 2000ஆம் ஆண்டிலிருந்து எல்லா நெட்வொர்க்குகளுக்கும் பரிந்துரைக்கப்படும் நல்ல பழக்கம் அது. நாம்தான் நம் பாக்கெட்டை உறைக்குள் போடாமல் தெருவில் விட்டோம்.

இதில் கவனிக்க வேண்டியது, ஓசூரில் உட்கார்ந்துகொண்டு எத்தனை டிரேஸ்ரூட் போட்டாலும் இது தெரிந்திருக்காது என்பது. டிரேஸ்ரூட் போகும் வழியில் இருக்கும் ரூட்டர்களைத்தான் வரிசைப்படுத்தும். அந்த ரூட்டர்களின் பதில்கள் எந்த வழியாக வந்து சேர்ந்தன என்று அது சொல்லாது. திரும்பும் வழியைப் பார்க்க எதிர்முனையில் ஒரு ஆள் வேண்டும். எனவே டனல் கோளாறு என்பது இரண்டு பேர் சேர்ந்து, ஒரே நேரத்தில், இரண்டு முனையிலும் பார்க்க வேண்டிய வேலை.

இந்தக் கசிவுக்கு நிரந்தர மருந்து, மூல முகவரியைப் பார்த்து வழி முடிவு செய்யும்படி கணினியிடம் சொல்வது. ‘44 முகவரியிலிருந்து புறப்படுவது எதுவானாலும் தனி வழிப்பட்டியலைப் பார், அந்தப் பட்டியலில் பொது வழி டனல் வழியாக மையக் கேட்வேக்கு’ என்று ஒரு விதி எழுதிவிட்டால், குறிப்பிட்ட வழி தெரியாத நேரத்திலும் பதில் வீட்டு இணையத்தில் கசியாது.   எழுதிய பிறகு ‘ஐபி ரூட் கெட்’ கட்டளையில் சேருமிடத்தை மட்டும் கொடுக்காதீர்கள். ‘ஃப்ரம்’ என்று போட்டு மூல முகவரியையும் கொடுத்துக் கேளுங்கள். மூலத்தைச் சொல்லாமல் கேட்டால் அது வேறு கேள்விக்குப் பதில் சொல்லும். வெளி உறை மட்டும் எப்போதும் வீட்டு இணையத்தின் வழியில்தான் போக வேண்டும் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். டனலின் உறையே டனலுக்குள் நுழைய முயன்றால் சுற்றிச் சுற்றி அழியும்.

இன்னும் ஒன்று இதே குடும்பம். டம்ப்பில் பாக்கெட் வருவது தெரிகிறது, ஆனால் கணினி பதிலே தயாரிக்கவில்லை. எந்தப் பக்கமும் பதில் இல்லை. அப்போது ஆர்பி ஃபில்டரைப் பாருங்கள். ‘இந்த ஆளுக்குப் பதில் போடுவதாக இருந்தால் வேறு இடைமுகத்தில் அல்லவா போடுவேன், இந்தப் பக்கமாக ஏன் வருகிறார்?’ என்று கர்னல் சந்தேகப்பட்டு, சத்தமில்லாமல் கீழே போடுகிறது. மதிப்பு 1 என்றால் கடுமை. டனலில் 2 என்று தளர்த்தி வைக்க வேண்டும். டம்ப் கர்னலின் இந்தச் சோதனைக்கு முன்பே பாக்கெட்டைப் பார்த்துவிடுவதால்தான் ‘வருது, ஆனா வேலை செய்யல’ என்று குழம்புகிறோம்.

அடுத்தது, பிங் அருமையாகப் போகும். பக்கம் பாதியில் நின்றுவிடும். லாகின் வரும், பட்டியல் கேட்டால் தொங்கும். இந்த அறிகுறியைக் கண்டால் உடனே அளவைச் சந்தேகியுங்கள். சாதாரண இணைப்பில் பாக்கெட் 1500 பைட். உறைக்கு 20 போக, உள்ளே 1480. இணைப்பு பிபிபிஓஇ வகை என்றால் 1492-இலிருந்து கழிக்க வேண்டும், 1472. வயர்கார்டுக்குள் ஐபிஐபி வைத்திருந்தால் வயர்கார்டின் வழக்கமான 1420-இலிருந்து கழித்து 1400. பெரிய பாக்கெட் வந்ததும் நடுவில் ஒரு ரூட்டர் ‘பெரிதாக இருக்கிறது, உடைத்து அனுப்பு’ என்று ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்பும். அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேர வேண்டும். ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று யாராவது ஃபயர்வாலில் மொத்தமாக அடைத்திருந்தால் செய்தி வராது. அனுப்புகிறவர் அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். பாருங்கள், இங்கேயும் பழுது திரும்பி வரும் வழியில்தான். உடைக்கக் கூடாது என்ற குறியோடு பிங் அளவை ஏற்றிப் பாருங்கள். 1400 பைட் டனலில் 1372 போகும், 1373 போகாது. 28 பைட் தலைப்புகளுக்கு. விடை கிடைத்ததும் டிசிபியின் துண்டு அளவை 1360 என்று கட்டிவிட்டால் முடிந்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். டனலிலிருந்து இறங்கி அலைமீது ஏறும்போது என்ன ஆகிறது?

1200 பாட் வேகத்தில் 256 பைட் அனுப்ப 1.7 விநாடி ஆகும். 1400 பைட் பாக்கெட்டை அப்படியே அலையில் ஏற்றினால் ஒன்பது விநாடிக்கு மேல் டிரான்ஸ்மிட்டர் அழுத்தியபடியே இருக்க வேண்டும். அந்த ஒன்பது விநாடியில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு வெல்டிங் தீப்பொறி, ஒரு மோட்டார் டிரைவின் இரைச்சல் குறுக்கிட்டால் முழுப் பாக்கெட்டும் வீண். சிப்காட் பக்கத்தில் நிலையம் வைத்திருப்பவர்களுக்கு ஷிஃப்ட் மாறும் நேரம் காதிலேயே தெரியும். இணையத்திலோ பாக்கெட் மில்லி விநாடிகளில் போய்வரும். ஆக, ஒரே உரையாடலில் ஒரு பாதி மின்னல், மறு பாதி மாட்டுவண்டி. பதில் எப்போது வரும் என்று டிசிபி எதை வைத்து எதிர்பார்க்கும்?

1980களில் ஃபில் கார்ன், கேஏ9கியூ, தன் அழைப்புக் குறியையே பெயராக வைத்து ஒரு டிசிபி/ஐபி மென்பொருளை ஹாம்களுக்காக எழுதினார். சாதாரண பிசியில் ஓடும். பாக்கெட் வானொலிக்காக எழுதியது. இரைச்சல் நிறைந்த அலையில் அதை ஓட்டிப் பார்த்தபோது ஒரு சிக்கல் கண்ணில் பட்டது. ஒரு பாக்கெட் அனுப்புகிறேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்புகிறேன். இப்போது பதில் வருகிறது. இந்தப் பதில் முதல் பிரதிக்கா, இரண்டாம் பிரதிக்கா? முதலாவதற்கு என்று கணக்கு வைத்தால் வழி நெடியது என்று தோன்றும். இரண்டாவதற்கு என்று வைத்தால் வழி குறுகியது என்று தோன்றி, அவசரப்பட்டு இன்னும் இன்னும் அனுப்பி, ஏற்கெனவே நெரிசலான அலையை அடைத்துவிடுவோம். கார்ன் சொன்ன தீர்வு எளிது: எது எதற்கான பதில் என்று தெரியாதபோது அந்த அளவீட்டைக் கணக்கில் சேர்க்காதே. மறுபடி அனுப்பும்போது காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கு. சந்தேகத்துக்கு இடமில்லாத பதில் ஒன்று வரும்வரை அந்தப் பொறுமையைக் கைவிடாதே. கிரெய்க் பார்ட்ரிட்ஜுடன் சேர்ந்து 1987இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கார்னின் அல்காரிதம் என்று பெயர். இன்றைய டிசிபி விதிகளில் அது கட்டாயம். இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொரு கைபேசியிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு ஹாம், இரைச்சலான அலையில், பதில் வராத பாக்கெட்டின் பின்னால் போய்க் கண்டுபிடித்தது அது. இந்தத் துறை வெறும் பொழுதுபோக்கு என்று வீட்டில் யாராவது சொன்னால் தாராளமாக இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் பங்குக்குச் செய்ய வேண்டியது, அலைப் பக்கத்து இடைமுகத்தில் பாக்கெட் அளவை 256 என்று சிறிதாக வைப்பது. நவீன லினக்ஸில் டிசிபியின் முதல் காத்திருப்பு நேரம் ஒரு விநாடி. 1200 பாட் அலைக்கு அது மிகக் குறைவு. அந்த வழிக்கு மட்டும் ஆர்டிடி மதிப்பைக் கூட்டி எழுதி வைத்தால் தொடக்கத்தில் வீணாகும் மறு அனுப்புதல்கள் அடங்கும். இவற்றைப் பாராமல் டனலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

2019 ஜூலையில் நம் வலையமைப்பில் பெரிய செய்தி ஒன்று வந்தது. முகவரிகளைப் பராமரிக்கும் ஏஆர்டிசி அமைப்பு, கடைசிக் கால் பங்கை, 44.192-லிருந்து 44.255 வரையுள்ள சுமார் 42 லட்சம் முகவரிகளை, அமேசானுக்கு விற்றுவிட்டதாக அறிவித்தது. பத்துக் கோடி டாலருக்கு மேல். யாரைக் கேட்டு விற்றீர்கள் என்று உலகெங்கும் கோபம் எழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அதே சமயம், அந்தப் பகுதி ஏறக்குறைய பயன்பாடே இல்லாமல் கிடந்தது என்பதும், அந்தப் பணம் இன்று கல்வி உதவியாகவும் ஆராய்ச்சி நிதியாகவும் ஹாம் உலகத்துக்குத் திரும்பி வருகிறது என்பதும் உண்மை. என் மனம் இரண்டாவது பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது.

நமக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. பழைய கையேடுகள் எல்லாம் ‘44 என்று தொடங்குவது முழுக்க டனலுக்கு’ என்று ஒரே வரியில் வழி எழுதச் சொல்லும். அதை இன்று அப்படியே தட்டினால், அமேசானின் சர்வர்களில் இருக்கும் சில தளங்கள் உங்கள் கணினியிலிருந்து மட்டும் திறக்காது. பக்கத்து அறையில் கைபேசியில் திறக்கும். உங்கள் கணினி அந்தப் பாக்கெட்டுகளை ஹாம் டனலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். 44.0.0.0/9, 44.128.0.0/10 என்று இரண்டு வரியாக எழுதினால் சரி. சிலர் தங்கள் 44 பகுதியை பிஜிபி வழியாக நேரடியாக உலக இணையத்தில் அறிவித்துக்கொள்கிறார்கள். அவர்கள் ரிப் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். உங்களால் ஒருவரை எட்ட முடியவில்லை என்றால் அவர் எந்த முறையில் இருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வயர்கார்டு என்றதும் இளைஞர்கள் உற்சாகமாகிவிடுகிறார்கள். வயர்கார்டின் மறையாக்கம் இணையப் பாதியோடு நிற்க வேண்டும். நம் உரிமத்தில், ஹாம் அலைவரிசையில் போவது எல்லாம் தெளிந்த மொழியில் இருக்க வேண்டும். சர்வதேச வானொலி விதிகளும் பொருளை மறைக்கும் குறியாக்கத்தை ஏற்பதில்லை. வீட்டு வைஃபை போக்குவரத்தைத் தெரியாமல் 144 மெகாஹெர்ட்ஸில் ஏற்றிவிடாதபடி ஃபயர்வாலில் ஒரு கதவு போடுங்கள். இதில் தளர்வு கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, நாம் இதையெல்லாம் எதற்காகக் கட்டுகிறோம் என்பது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது பாரதி பிரசாத் தலைமையில் வந்திருந்த ஹாம் குழு அந்தமானில் இருந்தது. போர்ட் பிளேரிலிருந்து வியூ4ஆர்பிஐ என்ற அழைப்புக் குறியில் போன செய்திகள்தான், தொலைபேசி செத்துப்போன அந்த நாட்களில் பல குடும்பங்களுக்குத் தகவல் சேர்த்தன. அங்கே எந்த டனலும் இல்லை. அலை மட்டும்தான் இருந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. நிறுத்தி வைத்த வண்டிகள் சாலையில் மிதந்து போனதைப் படத்தில் பார்த்தீர்கள். கடலே இல்லாத மாவட்டத்துக்கு அந்த நாள் வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. அப்படி ஒரு நாளில் ஃபைபரும் போகும், செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். சான் டியாகோவிலிருந்து ரிப் வராது. பெங்களூரு சர்வரை எட்ட முடியாது.

அதனால் என் கோரிக்கை இது. உங்கள் கேட்வேயின் இணைய வயரை மாதம் ஒருமுறை பிடுங்கிவிட்டு, அலையில் எட்டக்கூடிய பக்கத்து நிலையத்தோடு செய்தி போகிறதா என்று பாருங்கள். அலை வழியாக நேரே எட்டும் முகவரிகளுக்கு டனலைவிட முன்னுரிமை கொடுத்து வழி எழுதியிருக்கிறீர்களா? பெயரைத் தேடும் சர்வர் இணையத்தில் மட்டும் இருக்கிறதா, உள்ளூரிலும் ஒரு பிரதி இருக்கிறதா? ரிப் பட்டியலைக் கோப்பில் சேமித்து வைக்கும் வசதி நிரலில் இருக்கிறது, அதை இயக்கியிருக்கிறீர்களா? கரண்ட் வந்ததும் எந்த வரிசையில் எது எழுந்திருக்கிறது? சூளகிரி இறக்கத்தில், இரண்டு பக்கமும் தெரியும் மேடான இடத்தில், முறையான உரிமத்தோடு ஒரு சிறு ரிலே நிலையம் அமைக்க முடியுமா என்று இந்த மாவட்டத்து ஹாம்கள் கூடிப் பேச வேண்டும். அது அமைந்தால் டனல் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இரண்டாவது வழியாகிவிடும். முதல் வழி நம் கையில் இருக்கும்.

மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் இருக்கிறீர்கள். இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் பிங் போடட்டும், மற்றவர் இரண்டு இடைமுகத்திலும் டம்ப் ஓட்டட்டும். பதில் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குச் சொல்லுங்கள். அங்கிருந்து பேச்சைத் தொடர்வோம்.